எட்டு மணி இருபத்திரண்டு நிமிஷம்!

லண்டனில் பிக்காடிலி சர்க்கஸ் என்றதும் யானை, கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு நாற்சந்தி, அவ்வளவுதான். ஓரமாக, சிறகு முளைத்த ஒரு பையன் வில்லோடு ஒற்றைக் காலில் நிற்கிறான், 1893லிருந்து! பாவம், யாரும் அவனைப் பார்ப்பதாகக் காணோம். எல்லார் கழுத்தும் மேலே அந்தத் திரையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

சுமார் 780 சதுர மீட்டர். நம்ம கணக்கில் மூன்றரை கிரவுண்டு! வீடே கட்டலாம். அங்கே விளம்பரம் கட்டியிருக்கிறார்கள்.

1908லிருந்தே இந்த மூலையில் விளக்கு விளம்பரம் உண்டு. முன்பெல்லாம் ஆளுக்கொரு பலகை. 2017ல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே திரையாக்கினார்கள். ஆறு கம்பெனிகளுக்கு ஆறு கட்டம். அவ்வப்போது ஒருத்தர் மட்டும் மொத்தத் திரையையும் எடுத்துக்கொள்ள, மற்ற ஐந்து பேரும் காத்திருக்கணும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே பாத்ரூம் மாதிரி! யாருக்கு எப்போது, எத்தனை செகண்டு என்று கம்ப்யூட்டர் முறை வைக்கிறது.

இந்த வெளிச்சமும் அணைந்திருக்கிறது சார். 1939ல் யுத்தம் வந்ததும் அணைத்தவர்கள், 1949ல்தான் மறுபடி ஏற்றினார்கள். சர்ச்சில் இறுதி ஊர்வலத்துக்கு அணைத்தார்கள். 2022ல் எலிசபெத் ராணி இறந்தபோது விளம்பரம் விலகி அவர் படம் வந்தது.

யாரும் சாகாமலே விளம்பரம் விலகும் நேரமும் ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் 'சர்க்கா' என்ற கலை அமைப்பு ஆரம்பித்தது. தினமும் ராத்திரி 20.20க்குச் சில நிமிஷம் ஓவியர்களின் படைப்பு. முதலில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். 2021ல் 20.21. வருஷம்தான் மணி!

நான் போனது 2022ல். 20.22க்கு சோடா, போன் எல்லாம் காணாமல் போய் ஏதோ நிறம் நிறமாக ஓடியது. எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. கூட்டமும் திருதிருவென்று முழித்தது. எதை வாங்கணும் என்று யாருமே சொல்லவில்லையே!

முதுகில் சாப்பாட்டுப் பெட்டி சுமந்த டெலிவரிப் பையன் ஒருத்தன் மட்டும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தான். அவனுக்கு நிமிஷம்தான் காசு. யாருடைய பிரியாணியோ ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் நகரவில்லை. விளம்பரம் திரும்பி வந்ததும்தான் பெடலை மிதித்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். 2059 வரை சரி. 2060ல் என்ன செய்வார்கள்? கடிகாரத்தில் 20.60 கிடையாதே! கூட்டிப்போன மச்சானைக் கேட்டேன்.

"அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் மாப்ளே, வா சாப்பிடப் போலாம்" என்றார்.