கூன்வண்டுக்கு வேலி தெரியாது

தென்னை வச்சிருக்கிறவனுக்குச் சிவப்புக் கூன்வண்டுன்னா வயிறு கலங்கும். காண்டாமிருக வண்டு கடிச்சா மட்டை கத்திரியால வெட்டின மாதிரி விரியும், கீழ இருந்தே தெரிஞ்சிரும். கூன்வண்டு அப்படி இல்ல. அதோட புழு தண்டுக்குள்ளயே இருந்து தின்னும். மரத்துல ஓட்டையும், பழுப்பா வடியுற சாறும், மென்னு தள்ளின நாரும் கண்ணுல படுறப்போ உள்ளே பாதி காலி. சத்தம் அடங்கின நேரத்துல தண்டுல காதை வச்சா, கறுக் கறுக்குன்னு மெல்லுறது கேட்கும். ரெண்டு வருஷத்துல எங்க தோப்புல நாலு மரம் போயிருச்சு. எல்லாம் நல்ல காய்ப்புல இருந்த மரம்.

எங்க பங்காளி வீட்டுத் தம்பி சவூதியில, அல் அஹ்சாவுல பேரீச்சந்தோட்டத்துல வேலை பாக்குறான். போன மாசம் போன்ல, "அண்ணா, நம்ம ஊரு வண்டுதான் இங்கயும் மரத்தைத் தின்னுது"ன்னான். நிசந்தான். அந்த வண்டு நம்ம தெற்காசியா, தென்கிழக்காசியாப் பக்கத்தைச் சேர்ந்தது. 1980கள்ல வளைகுடா நாடுகளுக்குப் போச்சு. 1990கள்ல எகிப்து, ஸ்பெயின்னு பரவுச்சு. அதுவா கடல் தாண்டிப் பறந்து போகலைங்க. மனுஷன் வித்து வாங்கின கன்னுக்குள்ளயும் மரத்துக்குள்ளயும் உக்காந்து போச்சு. பேரீச்சையில தாய்மரத்தடியில வர்ற பக்கக்கன்னைப் பிரிச்சு நடுவாங்க. அதுக்குள்ள முட்டையோ புழுவோ இருந்தா வெளியில தெரியாது.

அல் அஹ்சாவுல மட்டும் 25 லட்சம் பேரீச்சை மரம் இருக்காம். அங்க ஒரு தோட்டக்காரர் மட்டும் மருந்து வச்சு என்ன ஆகும்? ஒரு நாடு மட்டும் வச்சுத்தான் என்ன ஆகும்? அதனாலதான் 2017 மார்ச்சுல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ரோம் நகரத்துல நாடுகளைக் கூட்டி ஒரு பொதுத் திட்டம் போட்டுச்சு. கன்னு போக்குவரத்தைக் கட்டுப்படுத்தணும், வண்டு விழுந்த இடத்தை ஒருத்தருக்கொருத்தர் மறைக்காம சொல்லணும், விவசாயியையும் சேர்த்துக்கணும். இதுதான் அதோட சாரம். முடியாத காரியமில்ல. ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல வெளியில இருந்து பனை வகை மரங்கள் வர்றதைத் தடுத்து, வண்டு விழுந்த மரத்தையெல்லாம் அழிச்சு, 2016ல வண்டு ஒழிஞ்சதா அறிவிச்சாங்க.

இதைக் கேட்டப்போ எனக்கு எங்க வாய்க்கால் கரைதான் ஞாபகம் வந்துச்சு. இனக்கவர்ச்சிப் பொறின்னு ஒண்ணு இருக்கு. ஓட்டை போட்ட பக்கெட்டுல வாசனைக் குப்பியைக் கட்டி, நொதிச்ச பழமும் தண்ணியும் ஊத்தி வைப்போம். வாசனைக்கு வர்ற வண்டு விழுந்து சாகும். ஆனா நான் ஒருத்தன் மட்டும் வச்சா, அக்கம்பக்கத்து வண்டெல்லாம் என் தோப்புக்குத்தான் விருந்துக்கு வரும். பக்கெட்டுல விழாத வண்டு பக்கத்து மரத்துல உக்காரும்.

அதனால போன தை மாசம் ஏழு தோப்புக்காரங்க உக்காந்து பேசினோம். ஒரே நாள்ல எல்லாரும் பொறி வச்சோம். பட்ட மரத்தை வெட்டி, பிளந்து, எரிச்சோம். பச்சை மட்டையைத் தண்டோட ஒட்டி வெட்டாம மூணு நாலு அடி விட்டு வெட்டுறதுன்னு பேசிக்கிட்டோம். வெட்டுக்காயத்து வாசனைக்குத்தான் வண்டு முட்டை வைக்க வரும். அதுக்கப்புறம் எங்க ஏழு பேர் தோப்புல புதுசா ஒரே ஒரு மரத்துலதான் ஓட்டை பார்த்தோம்.

எட்டாவது தோப்பு பூட்டிக் கிடக்கு. சொந்தக்காரர் பட்டணத்துல இருக்காரு. உள்ளே மொட்டையா நிக்கிற மரம் மூணு. போன் பண்ணா, "அடுத்த லீவுக்கு வந்து பாக்கறேங்க"ம்பாரு. வண்டுக்கு லீவு ஏதுங்க? ஒரு பொட்டை வண்டு இருநூறு முட்டைக்கு மேல வைக்கும். மூணு நாலு மாசத்துல அடுத்த தலைமுறை வந்து நிக்கும்.

இதைப் படிக்கிற உங்கள்ல யாருக்காச்சும் ஊர்ப்பக்கம் தாத்தன் தோப்பு இருந்தா, வர முடியலைன்னாலும் பரவாயில்ல. பட்ட மரத்தை வெட்டிக்கங்கன்னு பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு வார்த்தை போன்ல சொல்லிருங்க. கூலியை நாங்க பாத்துக்கறோம்.