ஒரு சொல்லின் பொருள்

‘ஸ்ட்ராட்டஜி’ என்னும் ஆங்கிலச் சொல்லை யான் முதன்முதல் பெருமிதத்தோடு எடுத்தாண்டது, கலாசாலையிற் சேர்ந்த முதலாண்டில், ஒரு மலைப் பிரயாணத்தின்பொழுது. மாணவர் பன்னிருவருக்கு யானே தலைவன். புறப்படும் நேரம், உணவு கொள்ளும் இடம், சிகரம் சேரும் வேளை யாவற்றையும் ஒரு காகிதத்தில் வகுத்து, அச்சொல்லையே அதற்குத் தலைப்பாகவும் இட்டிருந்தேன்.

நடுவழியில் நண்பன் ஒருவன் கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். “இச்சுனையருகே இரு, திரும்பும்பொழுது அழைத்துக்கொள்கிறோம்” என்று கூறி மேலே நடந்தோம். குறித்த வேளையிற் சிகரத்தை அடைந்தோம். இறங்கும்பொழுதோ, நேரம் மிச்சமாகுமென்று ஒரு குறுக்குவழியைப் பிடித்தேன். தோழர் அவனை நினைவூட்டினர். “இந்நேரம் அவனே இறங்கியிருப்பான்” என்று அவர்கள் வாயை அடக்கினேன். அடிவாரத்தில் அவன் இல்லை. இருட்டிய பின்னர், விறகு வெட்டுவோர் இருவர் அவனைத் தாங்கிக் கொணர்ந்தனர். அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “உன் காகிதத்தில் என் பெயர் இருந்ததா?” என்று மாத்திரம் கேட்டான்.

சில மாதங்களுக்குப்பின், அச்சொல்லுக்குத் தமிழ் யாதென ஆசிரியர் வகுப்பில் வினவினார். ஒருவன் ‘சூழ்ச்சி’ என்றான். யாவரும் நகைத்தோம், ஆசிரியர் நகைக்கவில்லை. பழந்தமிழிற் சூழ்ச்சியென்பது ஆராய்ந்து எண்ணுதலே என்றும், வஞ்சனை என்னும் பொருள் பிற்காலத்தில் மிகுந்ததென்றும் விளக்கினார். ஆங்கிலத்திலும், ஒரே வேரிற் பிறந்த ‘ஸ்ட்ராட்டஜம்’ தந்திரத்தைக் குறிக்க, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கேறிய ‘ஸ்ட்ராட்டஜி’ போரை வகுத்து நடத்தும் கலையைக் குறித்தது. பின்னர் வாணிகம் முதலிய துறைகளிலும் பரவிற்று.

வேர்ச்சொல் கிரேக்கம். ‘ஸ்திரத்தோஸ்’ என்பது படை. ‘ஆகெயின்’ என்பது நடத்திச் செல்லுதல். இவ்விரண்டும் கூடிய ‘ஸ்திரத்தேகோஸ்’ படைத்தலைவன் பெயர். ஏதென்ஸ் நகரத்தார் ஆண்டுதோறும் 10 படைத்தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்கள் தம் செய்கைக்கு நகரத்தாரிடம் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர்கள். கி.மு. 406-இல், அர்கினூசாய்த் தீவுகளருகே அவர்கள் ஸ்பார்த்தரின் கப்பற்படையை வென்றனர். ஆயினும், உடைந்த கப்பல்களைப் பற்றித் தத்தளித்த தம் வீரரைப் புயலின் காரணமாக மீட்கவில்லை. அதற்காக, வென்ற தலைவருள் 6 பேர் கொல்லப்பட்டனர். விசாரணை முறை சட்டத்துக்கு மாறானதென்று சாக்ரட்டீஸ் எதிர்த்தார். நகரத்தாரும் பின்னர் வருந்தினர்.

தண்டனை தகாததே. ஆனால், மாண்டவரைப்பற்றி எழுந்த வினா தகாததன்று. அத்தலைவர்களுக்குப் புயலாவது காரணமாக இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. வகுப்பு முடிந்ததும் நண்பனிடம் சென்று, அதுகாறும் கேளாத மன்னிப்பைக் கேட்டேன்.

இன்றும் ஒரு பிரயாணத்துக்குத் திட்டம் வகுக்க நேர்ந்தால், காகிதத்தில் நேரங்களைக் குறிக்குமுன் பெயர்களை எழுதிக்கொள்கிறேன்.