எப்படிக் கண்டுபிடித்தாய்?

சிங்கப்பூரிலிருந்து திருவண்ணாமலை ஊர்க்காரர்களுக்கும், நம் மாவட்டத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இங்கே சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படியொரு கணக்கு வரும். மாலாவிடமும் குமாரிடமும் சேர்த்து 40 வெள்ளி (டாலர்) இருக்கிறது. மாலாவிடம் குமாரைவிட 8 வெள்ளி அதிகம். ஆளுக்கு எவ்வளவு? நாம் உயர்வகுப்புக்குப் போய் எக்ஸ் போட்டுச் செய்த கணக்கு இது. இங்கே பிள்ளை இரண்டு பட்டைகள் வரைகிறது. நீளமான பட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு 8. அதைக் கழித்தால் 32, பாதி 16. குமாருக்கு 16, மாலாவுக்கு 24. சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்யாமலே விடை வந்துவிடுகிறது.

1980களின் தொடக்கத்தில் இங்குள்ள மாணவர்கள் சொற்கணக்குகளில் தடுமாறினார்கள். அப்போது கோ தெக் ஹொங் தலைமையிலான பாடநூல் குழு இந்தப் பட்டை முறையைக் கொண்டுவந்தது. முதலில் கையில் பொருள், அடுத்துப் படம், கடைசியில் குறியீடு என்பது ஒழுங்கு. உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. 2022-இல் நடந்த பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் கணிதத்தில் சிங்கப்பூர்தான் முதலிடம். நாற்பது ஆண்டுகளாக அந்த ஒழுங்கைக் கைவிடாததற்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

கணக்கைப் பிள்ளையே கட்டி எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி.கே. சீனிவாசன் பழைய மாதக் காலண்டரையே பாடமாக்கினார். காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். 1, 2, 3. 8, 9, 10. 15, 16, 17. கூட்டினால் 81, அதாவது நடு எண் 9-இன் ஒன்பது மடங்கு. வேறு கட்டத்திலும் இப்படியே வருமா, ஏன் வருகிறது என்று பிள்ளை தேடத் தொடங்கினால் அதுவே இயற்கணிதத்தின் வாசல்.

2003-இல் ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. கற்றல் ஏணிப்படி, பாட அட்டை, தரையில் பாய், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. 2007-08-இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை பரவியது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து கற்பிக்கிறார்கள். இவற்றையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் அட்டையை முடிப்பதே வேலையாகிவிட்டால் அதுவும் இன்னொரு மனப்பாடம்தான். "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டு, தப்பான விடைக்குப் பின்னால் இருக்கும் யோசனையையும் காதுகொடுத்துக் கேட்கும் ஆசிரியர்தான் இந்த முறையின் உயிர். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். பதிவேட்டுச் சுமை குறைய வேண்டும்.

நம் ஊரைப்போல ஒரு கணித ஆய்வகம் எளிதில் கிடைக்காது. கோயில் வாசலில் பூ முழத்தில் விற்கிறது. பூக்காரம்மாவின் முழமும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முழமும் ஒன்றா? அளந்து பார்த்துச் சண்டை போடட்டும். சென்டிமீட்டர் எதற்கு வந்தது என்று அவர்களுக்கே விளங்கும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதில் எட்டு லிங்கங்கள். வகுத்தால் 1.75 வரும். ஆனால் அடுத்தடுத்த லிங்கங்களுக்கு நடுவே நடந்து பார்த்தால் எங்கும் ஒரே தூரம் இல்லை. சராசரி என்றால் என்ன என்பதைக் கால் சொல்லிக்கொடுக்கும். பள்ளி விடும் நேரத்தில் ஒரு குச்சியையும் அதன் நிழலையும், அடிப்பகுதியின் நடுவிலிருந்து ராஜகோபுரத்தின் நிழலையும் அளந்தால், ஏறாமலே அதன் 217 அடி உயரத்தை நெருங்கிவிடலாம். அளந்ததோடு நிறுத்தாமல் அதைப் படமாகவும், பிறகு சமன்பாடாகவும் எழுத வைக்க வேண்டும். பாதியில் நின்றால் அது வெறும் உலா.

ஆசிரியர்களே, மாதத்தில் ஒரு கணக்குப் பாடவேளையைத் தெருவுக்குக் கொண்டுபோங்கள். பெற்றோர்களே, நோட்டு நிறையவில்லை என்று அவர்களைக் குறை சொல்லாதீர்கள். அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: திட்டத்தின் பெயரை மாற்றாமல், இன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரே முறையைத் தொடருங்கள்.