'இல்லை' என்ற ஒரு சொல்

சொல்லைக் கற்பித்து வாழ்பவர் யாம். ஒரு சொல்லின் பொருள் இடத்தாலும் காலத்தாலும் வேறுபடும் என்று 20 ஆண்டுகளாக மாணாக்கர்க்கு உரைத்து வருகிறோம். எனினும், 'இல்லை' என்னும் எளிய சொல் ஓர் உயிரை ஊசலாட வைக்கக்கூடும் என்பதை எம் தமையனாரின் கட்டிலருகே நின்றுதான் கற்றோம்.

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் எம்முடையது. ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த நிலம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஒரகடம், வல்லம் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்தன. தமையனாரும் கம்பெனிப் பேருந்தில் ஏறினார். மாறி மாறி வரும் ஷிப்டு, நேரந்தவறிய உணவு, இரவு விழிப்புக்குத் துணையாகப் பீடி. 45 வயதில் சர்க்கரை நோய் வந்தது. 52 வயதில் பசி குன்றி உடல் மெலிந்தது. எண்டோஸ்கோப்பிப் பரிசோதனையில் இரைப்பைப் புற்று எனத் தெரிந்தது.

அறுவைக்கு நாள் குறிக்குமுன் மருத்துவர் வினவினார்: "சர்க்கரை தவிர வேறு தொந்தரவு உண்டா? புகைப்பழக்கம்? மூச்சிரைப்பு?" நலம் விசாரிக்க வந்த ஜமாஅத் பெரியவர்கள் இருவர் அருகே நின்றனர். அண்ணன் எம்மைப் பார்த்தார். அப்பார்வையின் பொருள் எமக்குப் புரிந்தது. "இல்லை, டாக்டர்" என்றோம். மரியாதையைக் காத்துவிட்டதாக அப்போது எண்ணினோம்.

அறுவை நன்கு நடந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது, மூச்சுத் திணறியது. நிமோனியா என்றனர். வயிற்றுப் புண்ணும் சீழ் வைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அண்ணன் எம் கையைப் பற்றி, "தம்பி, டாக்டர்கிட்ட சொல்லிடுப்பா" என்றார். சொன்னோம்.

மருத்துவர் சினந்து கொள்ளவில்லை. "உங்கள் சொல் ஒன்றாலேயே இது வந்தது என்று கூற மாட்டேன், முன்பே தெரிந்திருந்தால் ஆயத்தப்படுத்தியிருப்போம்" என்று கூறி, பொறுமையாக விளக்கினார்.

வியன்னா நகரில் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர் 1881 சனவரி 29 அன்று இரைப்பைப் புற்றை முதன்முதலில் வெற்றியுடன் அறுத்தெடுத்தார். அதன்பின் கத்தியின் திறம் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. ஆயினும் அறுத்த இடம் கூடவேண்டியது நோயாளியின் உடலில்தான். சர்க்கரை கட்டுக்கடங்காவிடில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சோர்கின்றன. புண் ஆற நாளாகிறது. குடலை இணைத்த தையல் கசியும் அபாயமும் கூடுகிறது. புகையால் பழுதுற்ற மூச்சுக்குழல் சளியை வெளித்தள்ள வலுவிழக்கிறது. மேல்வயிற்றுத் தையலின் வலியால் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் அஞ்சுகிறார். தேங்கிய சளியில் நிமோனியா பற்றுகிறது. இதயமோ சிறுநீரகமோ நலிந்திருந்தால் அறுவையின் சுமை இன்னும் பெரிது. இந்நோயே உணவைத் தடுத்துப் புரதத்தையும் இரத்தத்தையும் குறைத்துவிடுவது மற்றொரு துன்பம்.

புற்றுநோய்க்கு நீண்டநாள் காத்திருத்தல் ஆகாது. எனினும் கிடைக்கும் சில வாரங்களுக்குள் செய்யத்தக்கவை உண்டு. அறுவைக்கு நான்கு வாரமேனும் முன்னர்ப் புகையை விட்டால் தீங்கு குறையும். சர்க்கரையைச் சீராக்கலாம், சத்துணவு ஊட்டலாம், மூச்சுப் பயிற்சி தரலாம். இவற்றுக்கெல்லாம் மருத்துவருக்கு முதலில் வேண்டுவது உண்மை.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், மருத்துவன் கருதவேண்டியவற்றுள் நோயுற்றவனின் நிலையை முதலில் வைத்தார். நோயின் அளவை அதற்கு அடுத்தே வைத்தார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் உடனிருந்து துணைசெய்பவனையும் ஒன்றாக எண்ணினார். அவ்வதிகாரத்தைப் பலமுறை பாடம் நடத்திய யாம், அந்த நான்காம் கூறு யாமே என்பதை மறந்தோம்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் இல்லந்தேடி வருகின்றன. மருந்து வாசலுக்கே வரும்போது நோயை மறைத்து வைப்பதில் பொருளில்லை. மாணவச் செல்வங்களே, பெற்றோருடன் மருத்துவமனைக்குத் துணை செல்வோர் பெரும்பாலும் நீங்களே. அவர்தம் பழைய நோய்கள், உண்ணும் மாத்திரைகள், பழக்கங்கள் அனைத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெரியோர்களே, நோயாளி தயக்கமின்றிப் பேச, சற்று விலகி நின்று இடங்கொடுங்கள்.

இறையருளால் தமையனார் நாற்பதாம் நாள் இல்லம் திரும்பினார். இன்று சிறிது சிறிதாக ஆறு வேளை உண்கிறார், பீடியைத் தொடுவதில்லை. மறுபரிசோதனைக்குச் சென்றபோது புதிய மருத்துவர் ஒருவர் அதே வினாவை எழுப்பினார். அன்றும் எம்முடன் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். யாம் வாய் திறக்குமுன் அண்ணனே விடையளித்தார்: "இருந்தது, டாக்டர். முப்பது வருஷம்."

உடன் வந்த பெரியவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். யாம் காத்துவிட்டதாக எண்ணிய மரியாதை, அண்ணன் உண்மையைச் சொன்ன பின்னும் சிறிதும் குறையவில்லை.