சூடிக் கொடுத்தவை

நுழையும்முன்

வீடு கட்டுவோர்க்கு வழிகாட்ட வரைபடம் உண்டு, கொத்தனார் உண்டு. வீட்டைக் காலி செய்வோர்க்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. பெற்றோர் வாழ்ந்து மறைந்த வீட்டை ஒழித்துவைத்துவிட்டு மீண்டும் கடல் கடக்க வேண்டியவர்கள் இன்று தமிழகத்தின் ஊர்கள்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் தம் வீட்டில் கழித்த கடைசி மூன்று வாரங்களைச் சொல்கிறது இக்கட்டுரை.

*

மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இராசபாளையம். ஊரை ஒட்டிச் சஞ்சீவி மலை நிற்கிறது. மலைப்பக்கம் நடந்தால் மாந்தோப்புகள். ஊருக்குள் திரும்பினால் பஞ்சாலைகள். 1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா பஞ்சாலை ஒன்றை நிறுவினார். அதன்பின் இவ்வூரின் வாழ்க்கை நூலோடு பின்னிக்கொண்டது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி இன்றும் நெய்யப்படுகிறது. ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு அடுப்பு மூட்டிய குடும்பங்கள் இங்கு ஏராளம். அந்த வீடும் அப்படிப்பட்ட ஒன்று. தெருவைப் பார்த்த திண்ணை, அடுத்து நடை, பட்டாசாலை, அடுப்படி, பின்னால் கிணறும் ஒரு முருங்கையும். அவ்வளவுதான் வீடு.

அவ்வீட்டின் மகள் 1989ஆம் ஆண்டு திருமணமாகிக் கனடா நாட்டின் டொராண்டோ நகருக்குச் சென்றவர். முப்பது ஆண்டுகள் கழித்துத் தாயைக் கவனித்துக்கொள்வதற்காகத் திரும்பி வந்தார். ஓராண்டு இருக்கலாம் என்று வந்தவர் ஐந்தாண்டுகள் தங்கினார். எண்பத்து நான்காம் வயதில் தாய் மறைந்தார். அங்கே மகளுக்கு இரண்டாவது பேறுகாலம் நெருங்கியிருந்தது. ஐப்பசி பிறக்கும்போது அவர் புறப்பட்டாக வேண்டும். விமான நிறுவனம் இரண்டு பெட்டிகளை அனுமதித்தது. ஒவ்வொன்றும் 23 கிலோ. ஒரு குடும்பம் அறுபத்தாறு ஆண்டுகள் சேர்த்தவற்றின் நடுவே, 46 கிலோ என்னும் கணக்கோடு அவர் நின்றார்.

பெங்களூரில் இருந்த தம்பி தொலைபேசியில் எளிய வழி சொன்னார். “ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு இருந்தா முடியாது அக்கா. மொத்தமா ஒரு ஆளுகிட்டப் பேசி முடிச்சிரு.”

அவர் சொன்னதும் சரியாகவே பட்டது. முதல் வாரத்தில் வேலை விரைந்து நடந்தது. தாய் பயன்படுத்திய சக்கர நாற்காலியும் வாக்கரும் அதே தெருவில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த முதியவர் வீட்டுக்குப் போயின. நார்க்கட்டிலைத் தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் தூக்கிச் சென்றார். மருந்துச் சீட்டுகள், மின்கட்டண அட்டைகள், காலாவதியான நாள்காட்டிகள் ஆகியவை கழிந்தன. கிணற்றடியில் கிடந்த ஆட்டுக்கல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைத் தூக்கவே நான்கு பேர் வேண்டும். அதன் குழியில் தேங்கிய மழைநீரைத் தவிட்டுக் குருவிகள் குடித்துக்கொண்டிருந்தன. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பரணிலிருந்து ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று இறங்கியது. தந்தையின் பாட்டனார் நாட்டு மருத்துவம் பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஓரங்கள் பூச்சியரித்திருந்தன; எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. இதைப் பேரனுக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் முதலில் எழுந்தது. ஆனால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருள்களையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த அரிய சுவடிகளையும் தனியொருவர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. சட்டம் ஒருபுறம் இருக்க, டொராண்டோவின் வீட்டில் அந்த ஏட்டைப் படிக்கக்கூடியவர் எவரும் இல்லை. 1869ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கு எழுதிக் கேட்பது என்று அவர் முடிவு செய்தார்.

இவ்வாறு முடிவெடுக்க அவருக்குத் துணைநின்ற முன்மாதிரி ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்வைத் தொடங்கியவர். தம் வீடு நிறையத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் சேர்த்துவைத்தவர். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியபோதும் கடல் கடந்து கொண்டுசெல்லவில்லை. 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், சென்னையிலேயே அது பாதுகாக்கப்படுகிறது. விலைகொடுத்து வாங்கிய பல்கலைக்கழகமே அந்நூல்கள் தமிழ்நாட்டில் இருக்கட்டும் என்று கருதியதை அவர் எண்ணிப் பார்த்தார்.

*

இரண்டாம் வாரம் பாத்திர வியாபாரி வந்தார். அடுப்படியிலிருந்தும் பரணிலிருந்தும் பித்தளையும் செம்பும் பட்டாசாலைக்கு வந்து குவிந்தன. அண்டா, தவலை, குடங்கள், உருளி, ஈயம் பூசிய சருவங்கள், தூக்குவாளிகள். வியாபாரி ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார். பெரிய அண்டா ஏறியது, இறங்கியது. அடுத்துத் தவலை ஏறியபோது அதன் கழுத்தில் புள்ளிகளால் வெட்டியிருந்த எழுத்துகள் வெயிலில் தெரிந்தன. தாயின் பெயர், அதன்முன் தாத்தாவின் முதலெழுத்து, அதன்கீழ் ‘திருவில்லிபுத்தூர் 1958’.

தாய் பதினெட்டு வயதில் மணமாகி இவ்வூருக்கு வந்தபோது சீராக வந்த பாத்திரங்கள் அவை. கடைக்காரர் சிற்றுளியால் தட்டித் தட்டிப் பெயர் வெட்டுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்ததாகத் தாய் பலமுறை சொல்லியிருக்கிறார். தம் பெயர் எழுத்தில் வெட்டப்பட்டதை அவர் முதன்முதலாகக் கண்டது அன்றுதான். நிலத்திலோ வீட்டிலோ அவர் பெயர் இல்லை. குடும்ப அட்டையிலும் அது தந்தையின் பெயருக்கு அடுத்தே இருந்தது. இப்பாத்திரங்களில் மட்டும் அவர் பெயர் தனியாக நின்றது.

“பேரு இருக்குதே” என்றார் அவர்.

“இருந்தா என்னம்மா? உருக்கினா எல்லாம் பித்தளைதான்” என்றார் வியாபாரி. அவர் பொய் சொல்லவில்லை. நாள்தோறும் நூறு பெயர்களை எடைபோடுபவர் அவர்.

அண்டாவுக்கும் பெயரில்லாத பாத்திரங்களுக்கும் பணம் பெற்றுக்கொண்டு, பெயர் வெட்டியவற்றை அவர் திரும்ப எடுத்துவைத்தார். ஒரு தவலை, இரண்டு குடங்கள், ஓர் உருளி, ஒரு சிறிய பால்செம்பு. பெட்டியில் வைக்கச் செம்பு ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. ஏனையவற்றை என்ன செய்வது என்று அன்றிரவு முழுதும் எண்ணினார். விடிந்ததும் அவற்றை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டார். தாயின் உடன்பிறந்தவர், அவருடைய தாய்மாமன், அங்கே இருந்தார். பிறந்த வீட்டுப் பொருள் பிறந்த வீட்டுக்கே போகட்டும் என்பது அவர் எண்ணம்.

திருவில்லிபுத்தூரை நெருங்குவோர்க்கு முதலில் தெரிவது கோபுரம். பதினொரு நிலைகளோடு வான் நோக்கி நிற்கும் அதை வயல்களுக்கு அப்பாலிருந்தே காணலாம். கோபுரத்தைக் கண்டதும் கைகூப்பும் தாயின் வழக்கம் அவர் கைகளுக்கும் வந்திருந்தது.

மாமா திண்ணையில் அமர்ந்திருந்தார். வண்டியில் இருந்தவற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“தாயி, இது என்ன வேலை? குடுத்த சீரு பொறந்த வீட்டு வாசப்படி ஏறலாமா? எங்கக்கா வாழாமத் திரும்பி வந்த மாதிரில்ல இருக்கும்!”

“அம்மா பேரு இருக்கு மாமா. எடைக்குப் போட மனசு வரல.”

“அதுக்காக இங்க கொண்டாருவியா?”

மேலே அவர் ஒன்றும் பேசவில்லை. பாத்திரங்கள் வண்டியிலேயே இருந்தன. அத்தை இலை போட்டுப் பரிமாறினார். சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா தலை நிமிரவில்லை. அறுபது வயதைக் கடந்த மகள், சிறுமிபோல் அடுப்படியில் போய் அமர்ந்துகொண்டார். பொருளை ஒழிக்க வந்து உறவையே புண்படுத்திவிட்டோமோ என்ற அச்சம் அவரை வாட்டியது.

*

மாலையில் அத்தை அவரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றார். மாமாவும் கோலை ஊன்றிக்கொண்டு உடன் நடந்தார். அது புரட்டாசி மாதம். திருமலையின் பிரம்மோற்சவக் கருடசேவைக்காக இவ்வூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை செல்லும் காலம். சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் இங்கிருந்துதான் மாலை போகிறது. தொடுத்த மாலை நேரே செல்வதில்லை. ஆண்டாளுக்குச் சூட்டிக் களைந்தபிறகே செல்கிறது. ஆண்டாளின் தோளில் அமரும் கிளியும் அவ்வாறே. நாள்தோறும் புதிதாக இலைகளால் செய்யப்பட்டு, அவள் ஏந்தியபின் பிறர் கைக்குப் போகிறது.

பெரியாழ்வாரின் மகள், இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்தாள். கண்ட தந்தை பதறி வேறு மாலை தொடுத்தார். அவள் சூடியதே தனக்கு உகந்தது என்று இறைவன் ஏற்றான். இக்கதையை அறியாதார் தமிழகத்தில் இல்லை. பிற இடங்களில் பயன்படுத்திய பொருள் என்றால் மதிப்புக் குறையும். ஒருத்தி சூடியது என்பதாலேயே மதிப்புக் கூடிய ஒரு பொருளைக் கொண்டு பெயர்பெற்ற ஊர் திருவில்லிபுத்தூர்.

திரும்பும் வழியில் மாமா ஒரு பால்கோவாக் கடையின் முன் நின்றார். கடைக்குள் நுழையவில்லை. சற்று நேரம் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் பேசினார்.

“சூடிக் குடுத்ததுதான நம்மூருல ஒசத்தி. வயசாயிருச்சு, மறந்துபோயிட்டேன். என் வீட்டுக்கு அது வேண்டாம் தாயி. தையில பேத்திக்குக் கல்யாணம். அவ போற வீட்டுக்குப் போகட்டும்.”

பேத்தி கல்லூரியில் கணிதம் படித்தவள். பழம்பாத்திரத்தை அவள் விரும்புவாளோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. அவள் தவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிப் படித்தாள்.

“அழிக்க வேண்டாம் அத்தை. கீழ எடம் இருக்குல்ல? என் பேர அங்க வெட்டிக்கிறேன்” என்றாள்.

*

மூன்றாம் வாரம் தாயின் தகரப்பெட்டி மட்டுமே எஞ்சியது. அதற்குள் நீலநிற வான்வழி மடல்கள் அடுக்கடுக்காக நூலால் கட்டப்பட்டிருந்தன. தொலைபேசிக் கட்டணம் மலையளவு இருந்த காலத்தில் அவர் டொராண்டோவிலிருந்து எழுதியவை அவை. முதல் பனிக்காலத்தின் தனிமை, மகள் பிறந்த செய்தி, இரசப்பொடிக்கு அளவு கேட்டு எழுதிய வரிகள், எல்லாம் அதில் இருந்தன. தாய் எழுதிய பதில்கள் டொராண்டோவில் ஒரு மேசை அறையில் இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கேள்விகள் இராசபாளையத்திலும் விடைகள் டொராண்டோவிலும் கிடந்தன. அக்கட்டுகளை அவர் பெட்டியில் வைத்தார். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு.

வீட்டைப் பற்றிய பேச்சு தம்பியோடு மீண்டும் எழுந்தது. இவ்வூர்க்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அவர் தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்காக வழங்கியவர். கலைமன்றத்தைக் கடந்து போகும்போதெல்லாம் தாய் அதைச் சொல்வார். “அம்புட்டுப் பெரிய மனசு நமக்கு வராது. வீடு பூட்டிக் கெடக்காம இருந்தாப் போதும்” என்பார். வீட்டை விற்பதில்லை என்றும், குழந்தைகள் உள்ள குடும்பத்திற்கே வாடகைக்கு விடுவது என்றும் அக்காளும் தம்பியும் முடிவு செய்தனர்.

புறப்படும் நாள் விடியற்காலையில் புதிய குடும்பம் பால் காய்ச்ச வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சாமான் ஏற்றிய வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது. பால் இருக்கிறது, பாத்திரம் இல்லை. அப்பெண் தயங்கியபடி கேட்டாள். “அக்கா, ஏதாச்சும் ஒரு சின்னப் பாத்திரம் இருக்குமா?”

அடுப்படி முழுதும் வெறுமையாக இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே பொதிந்துவைத்திருந்த பால்செம்பை எடுத்துக் கொடுத்தார். பால் பொங்கியது. பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஆளுக்கொரு வாய் கிடைத்தது. அப்பெண் செம்பைக் கழுவித் துடைத்து நீட்டினாள். “பேரு வெட்டியிருக்குதே அக்கா, யாரு?”

“எங்க அம்மா. அந்தச் செம்பு இங்கயே இருக்கட்டும்” என்றார் அவர்.

வண்டி வந்தது. பெட்டிகள் ஏறின. திண்ணையில் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து கையசைத்தன. பழக்கத்தால் அவர் கை பூட்டைத் தேடியது. நடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து பேச்சொலி கேட்டது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.