சத்தியம் வாங்காத உபதேசியாருக்கு

அன்புள்ள உபதேசியார் ஐயாவுக்கு,

சிப்காட் பக்கம் வேலைக்கு வருகிற நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். என் பெயரைப் போடுவது எங்கள் கூட்டத்தில் வழக்கமில்லை. ஆகவே இரண்டு பெயரும் வேண்டாம்.

நான் வேதக்காரன் இல்லை. உங்கள் கோயிலுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற தகரக் கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குடிநோயாளிகள் கூட்டம் நடக்கிறது என்று கூட வேலை செய்கிறவர் சொல்லித்தான் வந்தேன். அதுவும் திருந்துவதற்காக அல்ல. சம்பள நாளில் மனைவி கம்பெனி கேட்டில் வந்து நிற்பதை எப்படியாவது நிறுத்த வேண்டியிருந்தது.

எனக்கு உருக்காலையில் ஃபர்னஸ் வேலை. எட்டு மணி நேரம் அனலில் நின்ற உடம்பு ஒரு குவாட்டர் கேட்கும் என்பது எங்கள் லைனில் எல்லோரும் நம்பும் வைத்தியம். (மது உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.) 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலையோர மதுக்கடைகள் தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துக்கு மேல் மூடப்பட்டன. ஜி.என்.டி. சாலையை விட்டுக் கடை உள்ளே போனது. நானும் அது போன தூரம் நடந்தேன், அவ்வளவுதான்.

இடையில் எத்தனை சத்தியம்! சிறுவாபுரி முருகன் சந்நிதியில் சூடம் அணைத்து ஒன்று. பழவேற்காட்டு மகிமை மாதா முன்னால் மெழுகுவர்த்தி பிடித்து ஒன்று. மகன் தலையில் கை வைத்துப் பண்ணியவை எனக்கே கணக்கில்லை. ஒருநாள் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்க அவன் நெற்றியைத் தொட்டேன். "சத்தியம் பண்ணாதப்பா" என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அதனால்தான் முதல் நாளே உங்கள் பைபிள் மேல் கை வைக்கப் பார்த்தேன். நீங்கள் புத்தகத்தை நகர்த்திவிட்டீர்கள். "அதுலயே வேணாம்னுதான் தம்பி போட்டிருக்கு" என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தீர்கள். வானத்தின் மேலும் ஆணையிட வேண்டாம், பூமியின் மேலும் வேண்டாம், உன் தலையின் மேலும் வேண்டாம். ஒரு முடியின் நிறத்தைக்கூட மாற்ற உன்னால் ஆகாது என்கிறது மலைப்பொழிவு. "டை அடிக்கிறோமே" என்றேன். சிரித்தீர்கள். பிறகு அடுத்த அதிகாரத்துக்குப் போனீர்கள். நாளைய பாட்டை நாளைக்கு விடச் சொல்லும் பகுதி. "இன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பாருங்க. பத்துக்குக் கடைய மூடிடுவான்." என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய முதல் கெடு அது.

இதெல்லாம் உங்கள் சொந்த யோசனை என்றே நினைத்திருந்தேன், ஏ.ஏ. பிறந்த கதை தெரியும்வரை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சன் என்ற பங்குத்தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் ஏ.ஏ.-வைத் தொடங்கினார்கள். இரண்டு பேருமே குடிநோயாளிகள். அந்த ஆரம்ப நாட்களில் அவர்களும் இந்த மலைப்பொழிவைத்தான் உட்கார்ந்து படித்தார்களாம். 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று எங்கள் கூட்டத்தில் சொல்வது எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று அப்போது பிடிபட்டது. டப்ளினில் மரக்கடைக் கூலியாக இருந்த மேட் டால்பட்டின் கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். 1884-இல் குடியை விட்டபோது அவர் எடுத்த உறுதிமொழி மூன்றே மாதத்துக்கு. 1925-இல் சாகும்வரை அவர் குடிக்கவில்லை. எனக்கு அந்த மூன்று மாதமே பெரிய கணக்காகத் தெரிந்தது.

கானாவூர்க் கல்யாணத்தை வைத்து உங்களை மடக்கப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "உங்க சாமியே ஆறு ஜாடித் தண்ணிய ரசமாக்கினவர்தானே" என்றேன். நீங்கள் மழுப்பவில்லை. திமொத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை ரசம் குடிக்கச் சொல்லிப் பவுல் எழுதியதையும் நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்: "கல்யாண வீட்டுக்காரன் மானம் போகக் கூடாதுன்னு அவர் செஞ்சாரு. நீங்க குடிச்சதுல யார் மானம் நின்னுச்சு தம்பி?" அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

என் கை நடுங்குவதைப் பார்த்ததும் "ஜெபம் அப்புறம், முதல்ல டாக்டர்" என்றீர்கள். பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்பது எனக்குத் தெரியாது. குடிநோய்க்கென்றே சாந்தி ரங்கநாதன் தொடங்கிய, அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையைப் பற்றியும் உங்கள் வாயால்தான் முதலில் கேட்டேன். மூர் மார்க்கெட் வண்டியில் என் மனைவியோடு துணைக்கு வந்து, அரசு மருத்துவமனையில் என்னைச் சேர்த்துவிட்டுக் கடைசி ரயிலில் திரும்பினீர்கள். சாப்பிட்டீர்களா என்று அன்றைக்குக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஒரு நாளாவது ஞானஸ்நானத்தைப் பற்றி என்னிடம் பேசியதில்லை நீங்கள். கொட்டகையைத் திறந்து, நாற்காலியைப் போட்டு, கூட்டம் தொடங்குமுன் வெளியே போய்விடுவீர்கள். நாங்கள் பேசுவது உங்கள் காதில் விழக் கூடாதென்று மழையிலும் மணிக்கூண்டு ஓரமாக நின்றவர்.

இந்தச் சனிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிப்ட், வர முடியாது. ஃபேனுக்கும் விளக்குக்குமான கரண்ட் பணம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கூட்டத்துச் செலவைக் கூட்டத்தாரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏ.ஏ. மரபு. போன மாதம் மாதிரித் திருப்பி அனுப்ப வேண்டாம். பையன் நாற்காலி போட வருவான். சாவியை அவனிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
இன்று குடிக்காத ஒருவன்,
கும்மிடிப்பூண்டி