வெறுங்கை

பெயிண்ட் உரித்த கார் தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது, கொஞ்சம் அமிலமும் இருக்கிறது. ஐந்து விரலை வைத்து எடுத்தால் மறுநாள் காலையில் அந்த ஐந்து விரலும் பழுப்பாக அங்கே இருக்கும், சில சமயம் ரேகையோடு. உப்பளக் காற்று வீசும் தூத்துக்குடியில் மறுநாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

எத்தனையோ 'தொடாதே'க்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். விளக்கைத் தொடாதே, துளசியைத் தொடாதே, ஊறுகாய் ஜாடிப் பக்கம் போகாதே. ஊறுகாயைக் கெடுப்பது ஈரக் கை. அது யாருடைய ஈரக் கையானாலும் கெடுக்கும். ஆனால் மாதத்தில் மூன்று நாள் என் காய்ந்த கைக்குத்தான் தடை. வயசுக்கு வந்தபோது ஆச்சி என்னைக் குச்சிலில் உட்காரவைத்து, காற்று கருப்பு அண்டாமலிருக்க ஓர் இரும்புத் துண்டைக் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் அப்போது நான் தொடலாம் என்றிருந்த ஒரே பொருள் அதுதான். கையெல்லாம் துரு வாசனை.

அம்மாவின் கார் 1986 மாடல் பிரீமியர் பத்மினி. ஸ்டீயரிங்கோடு சேர்ந்த கியரை இழுத்துப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போவாள். ஆர்.சி. புத்தகம் மட்டும் அப்பா பெயரில். அந்தக் காரின் பெயர் எனக்கு எப்போதும் உறுத்தும். அந்நிய ஆண் தொட்டுவிடாதபடி நெருப்பில் இறங்கியதாகக் கதைகளில் கொண்டாடப்படும் சித்தூர் ராணியின் பெயர் அது. அம்மா அதை வெறும் 'வண்டி' என்றுதான் சொல்வாள். அவள் போன பிறகு காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் என் பெயருக்கு மாற்றி, ஒரு பட்டறையில் டிங்கர் வேலைக்கு விட்டேன்.

அழுகிய தகடுகளை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்து, முழு பாடியையும் இரும்பு தெரிய உரித்தாகிவிட்டது. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். பட்டறை அண்ணாச்சி, "இனி பெயிண்டர் தீவாளி கழிச்சுத்தான் வருவாரு மேடம். தார்ப்பாய் போட்டு மூடிருதேன்" என்றார்.

துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டினாலே வேகம் எடுத்துவிடும். எங்கள் ஊரில் பல நாள் அதைத் தாண்டித்தான் இருக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். விடியற்காலையில் தகடு குளிர்ந்து வேர்க்கும், அந்த வேர்வை ஆற வழியிருக்காது. "அப்போ கிரீஸ் தடவி வைப்போம்" என்றார். அது நல்ல யோசனைதான், கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஆனால் மடிப்புகளுக்குள்ளும் பற்றவைத்த இணைப்புகளுக்குள்ளும் போய்விட்ட கிரீஸை எந்தத் தின்னரும் முழுசாக வெளியே கொண்டுவராது, அங்கெல்லாம் பிரைமர் குழி விழும். கடைசியாக, "ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு அடிச்சா போதும்" என்றார். கம்பிக் கதவுக்கு அடிப்பது அது. தண்ணீரை உள்ளே விடும். அதன்மேல் பட்டி போட்டு வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்தால், பட்டியும் நீரைக் குடிக்கும். பளபளவென்று கலர் ஏறிய வண்டியில் இரண்டாம் வருடம் கொப்புளம் கிளம்புவது இப்படித்தான்.

நான் கேட்டது எபாக்சி பிரைமர். பிரைமர் ஒரு டின், ஹார்டனர் ஒரு டின். இரண்டையும் கலந்து இரும்பின்மேல் நேராக அடிக்க வேண்டும், அதற்கு மேல்தான் பட்டி. விலை கூடுதல், கலந்ததை மிச்சம் வைக்க முடியாது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார் நம்பர் குடுங்க மேடம், நான் சார்ட்ட பேசிக்கிடுதேன்" என்றார்.

"வண்டி என் பேர்ல இருக்கு அண்ணாச்சி. எங்கிட்டயே பேசுங்க."

பேசினார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு பெண் ரசீதுக்குப் பணம் கொடுப்பாள், இரும்பைப் பற்றி எதிர்வாதம் செய்யமாட்டாள் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் வேறொரு பெயிண்டர் வந்தார்.

அதற்குள் கைகளைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு. பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு ஆணும் வண்டியின் மேல் கை போடுவான். கூரையைத் தட்டி "அந்தக் காலத்துத் தகடு" என்பான். கதவில் சாய்ந்து பீடி பற்றவைப்பான். தொடுமுன் யோசிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் பவுடர் இல்லாத கையுறை ஒரு பெட்டி வாங்கிப் போய் வாசலில் வைத்தேன். வேலை பழகுகிற பையன் சிரித்தான்.

"என்ன மேடம், தீட்டா?"

"ஆமா. எல்லாருக்கும்."

சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டான். முதல் வேலையாகக் கூரையில் முளைத்திருந்த விரல்களை அவனிடம் காட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் தன் கையைப் பொருத்திப் பார்த்து, "இது அண்ணாச்சி" என்று ஒன்றைக் கண்டுபிடித்தான்.

அவனும் நானும் ஒரு தகடு முடிந்தபின் அடுத்தது என்று போனோம். உப்புத்தாளால் உலர்வாகவே தேய்த்தோம், தண்ணீரை அண்டவிடவில்லை. துரு குழி பறித்த இடங்களில் மட்டும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல். துரு கருத்ததும் மிச்ச அமிலத்தை முழுக்க எடுத்து, நன்றாகக் காயவைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். அமிலம் தங்கினால் எபாக்சி பிடிக்காது. பிறகு தின்னர். ஒரு துணியால் நனைத்து, அது ஆவியாகுமுன் இன்னொரு துணியால் துடைப்பது. ஒரே துணியால் செய்தால் அழுக்கை இடம் மாற்றுவதோடு சரி. பாத்திரம் துலக்கிய எவளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு கோட் எபாக்சி ஏறியது. சாம்பல் நிறம், அழகே கிடையாது. ஞாயிறு இரவு மழை கொட்டியது. திங்கட்கிழமை பட்டி பார்க்கத் தொடங்கினார்கள்.

ரசீதில் பெயருக்கு முன்னால் 'திரு.' என்று அச்சடித்திருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். அண்ணாச்சி பேனாவைத் தேடி எடுத்து அடித்தார்.